ஜீப்பு சாரின் குரூப் ஃபோர்

விடையைச் சரியாகச் சொன்ன குற்றத்துக்காக மனிதர்களை எழுப்பி ஜன்னலோரம் நிற்கவைத்த கணக்கு வாத்தியார் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் பழனிசெட்டிபட்டியில் ஓர் உரக்கடை மாடியில் இருந்தார். தப்பாகச் சொன்னாலும் நிற்க வேண்டும், சரியாகச் சொன்னாலும் நிற்க வேண்டும். கூட இருக்கும் மூன்று பேருக்கும் புரிவதற்கு முன்னால் வாயைத் திறந்ததுதான் குற்றம். அந்த ஜன்னலோரத்தில் அதிக நேரம் நின்றவன் என்ற பெருமை எனக்கு உண்டு. அதில் சரியான விடைக்காக நின்றது குறைவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது எனக்கு மரியாதை.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டில் இருக்கும். எங்களுக்கு அவர் ஜீப்பு சார். எம்.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு, கம்பத்திலிருந்து மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பைச் சில வருடம் ஓட்டியவர். ஒருநாள் வண்டி இனிமேல் ஏற மாட்டேன் என்று படுத்துவிட்டது. இன்ஜினை ஒருவருக்கும் டயர்களை இன்னொருவருக்கும் தள்ளிவிட்டு, பின்பக்கம் எதிரெதிராக இருக்கும் நீளச் சீட்டுகளை மட்டும் கழற்றி மாடிக்கு ஏற்றினார். தெரிந்த டிரைவர்களிடம் கேட்டு இன்னும் சில வண்டிகளின் சீட்டுகளையும் வாங்கிப் போட்டார். அவைதான் எங்கள் பெஞ்சு. இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், நடுவில் முட்டியோடு முட்டி இடிக்கும். ரப்பர் பந்து வைத்த பழைய ஹாரன் ஒன்று அவர் கையில் எப்போதும் இருக்கும். அதை அழுத்தினால் வகுப்பு ஆரம்பம்.

கணக்கைக் கூட்டம் சேர்ந்து போடச் சொல்லும் யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன்.

"மலை ஏறுறப்ப பின்னாடி பொம்பளையாளுக பேசிக்கிட்டே வருவாக. யாரு மகளுக்கு எந்த மாப்பிள்ளை, யாரு வீட்டுச் சண்டையை எப்படித் தீக்குறது, எல்லாம் அங்கனதான். தனியா உக்காந்து யோசிச்ச ஒரு ஆளை நான் பாத்ததில்ல. ஆனா கடைசி வளைவு திரும்புறதுக்குள்ள எல்லாத்துக்கும் விடை வந்துரும். மனசிலாயோ?"

'புரிந்ததா' என்று அவர் கேட்டதே இல்லை. மலையிலிருந்து சீட்டுகளோடு அவர் இறக்கிக்கொண்டு வந்த சொல் 'மனசிலாயோ'.

அவர் முதலில் திட்டமிட்டது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்பினால் என்று கதையாக ஆரம்பித்து நம்மை மூழ்கடிக்குமே, அந்த மாதிரிக் கணக்குகளை நாலு நாலு பேராகச் சேர்ந்து போடவைக்க வேண்டும் என்பது ஆசை. போர்டு எழுதுகிறவரிடம் 'நாலு பேர் குரூப் கணக்கு வகுப்பு' என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கலைஞர் இடம் பற்றாமல் 'குரூப் 4 கணக்கு வகுப்பு' என்று சுருக்கிவிட்டார். தமிழ்நாட்டில் குரூப் ஃபோர் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்க வேலைக்கு ஏங்கும் ஒவ்வொரு வீட்டிலும் அது ஒரு பரீட்சையின் பெயர். தேனி, அல்லிநகரம், சின்னமனூர் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். முதல் ஆளாகப் போனவன் நான்.

என் நிலைமையை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தப் பரீட்சையை நான் பல தடவை எழுதியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் கணக்குதான் என்னைக் கவிழ்த்தது. என் மாமனாருக்குத் தேனி கடைவீதியில் பாத்திரக் கடை. நல்ல மனிதர், சத்தமாகப் பேசும் நல்ல மனிதர். ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்து, "மாப்ள, இந்தத் தடவையும் ஆகலைன்னா பேசாம நம்ம கடைக்கு வந்துருங்க. கல்லாப் பக்கத்துல உங்களுக்கு ஒரு ஃபேன் போட்டுருவோம்" என்றார். என் மனைவி மலர் பக்கத்தில்தான் நின்றாள். ஃபேன் எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்டாள். கடையில் வேலை பார்ப்பது எனக்குப் பயமில்லை. குக்கர் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் மாமா என்னைக் காட்டி, "இவுகதான் பரீட்சை எழுதுற மாப்ள" என்று அறிமுகப்படுத்துவார். சாகும்வரை நான் பரீட்சை எழுதுகிற மாப்பிள்ளையாக ஈயம் பூசாத பாத்திரங்களின் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதிலிருந்து தப்ப எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பரீட்சைதான்.

முதல் நாள் நாங்கள் எல்லோரும் பேனாவும் பழைய வினாத்தாளுமாக ஜீப்பு சீட்டுகளில் உட்கார்ந்திருந்தோம். சார் படியேறி வந்தார். மீசைகளையும் சேலைகளையும் ஒருமுறை பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பெத்தவுக எல்லாரும் மொத நாளே வந்துட்டீக. சந்தோஷம். பிள்ளைக எங்க, கீழ நிக்கிதுகளா?"

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ராஜாங்கம் அண்ணன் எழுந்து, "நாங்கதான் சார் பிள்ளைக" என்றார்.

"நீங்களா?"

"குரூப் ஃபோருன்னு போர்டுல இருந்துச்சு சார்."

"ஆமா. நாலு பேரு குரூப்பு."

"இல்ல சார், பரீட்சை. கவர்மெண்டு பரீட்சை."

சார் கீழே இறங்கிப் போனார். ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான், வகுப்பு முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி மேலே வந்தார், ஹாரனை அழுத்தினார். "சரி, வந்தது வந்துட்டீக. ஏறுங்க. ஜீப்புக்கு நாலு பேரு" என்றார்.

எங்கள் ஜீப்பில் என்னோடு ராஜாங்கம் அண்ணன். எதிரில் செல்வி அக்கா, அல்லிநகரத்தில் ஒரு ரெடிமேட் கடையில் வேலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவர் பக்கத்தில் ஜெபா, கடைவீதியில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். அது வாயைத் திறந்து நாங்கள் கேட்டதில்லை. நான் பி.எஸ்சி. இயற்பியல். அதனால் ஜீப்பை நான்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று முதல் நாளே எனக்கு நானே பொறுப்பு எடுத்துக்கொண்டேன்.

சாரின் சட்டம் இதுதான். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே தாள், ஒரே பென்சில். பென்சில் வைத்திருப்பவர் யோசிக்கக் கூடாது. "அவுக டிரைவரு. பின்னாடி இருக்கவுக சொல்ற பக்கம் திருப்பணும், அம்புட்டுதான்" என்பார். கணக்கை வாசித்ததும் எண்களைத் தொடக் கூடாது. முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: "இந்தக் கணக்குல கஷ்டம் யாருக்கு?" யார் தவிக்கிறார்கள், எதற்காகத் தவிக்கிறார்கள் என்று ஆளாளுக்கு அவரவர் பேச்சில் கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் கூட்டல் கழித்தல் எல்லாம்.

எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கணக்கின் கடைசி வரி வருவதற்குள் என் வாயில் விடை வந்துவிடும். "நாப்பத்தெட்டு" என்பேன். "இறங்குங்க" என்பார் சார். நான் ஜீப்பை விட்டு இறங்கி ஜன்னலோரம் போய் நிற்பேன். அந்த ஜன்னல் நேராகக் கம்பம் ரோட்டைப் பார்த்திருந்தது. ஒருநாள் சாயங்காலம் கீழே மாமனாரின் டி.வி.எஸ். ஃபிப்டி வந்து நின்றது.

"மாப்ள, அங்கன என்ன தனியா நிக்கிறீக?"

"சும்மா காத்து வாங்குறேன் மாமா."

உள்ளிருந்து சாரின் குரல் தெருவரைக்கும் கேட்டது. "ஜன்னல்ல நிக்கிறவரு பேசக் கூடாது."

மாமா வண்டியைக் கிளப்பினார். அடுத்த வாரம் கடையில் ஃபேன் மாட்டியாகிவிட்டது என்று மலர் சொன்னாள்.

செல்வி அக்கா வேறு மாதிரி. ஒரு வேலையை ஏ என்பவர் இத்தனை நாளில் முடிப்பார், பி என்பவர் இத்தனை நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாள் என்று ஒரு கணக்கு வந்தது. கஷ்டம் யாருக்கு என்று சார் கேட்டார். "வேலையைக் கொடுத்தவனுக்குத்தான் சார்" என்றார் அக்கா. "தனித்தனியா விட்டா ரெண்டு பேரும் ஒழுங்கா பாப்பாக. சேத்து விட்டா பேசிக்கிட்டே இருப்பாக, சோலி ஓடாது. எங்க கடையில நான் பாக்குறேன்ல." நாங்கள் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. "அப்ப கணக்கு என்ன நெனச்சுக்கிட்டு எழுதியிருக்கு? அவுக பேச மாட்டாகன்னு. அதைக் கண்டுபிடிச்சது செல்விதான்" என்று சொல்லி எல்லா ஜீப்பையும் நிறுத்தி அந்த விஷயத்தைப் பேசவைத்தார். அன்றைக்கு முழுக்க ஒரு கணக்குகூட முடியவில்லை. பரீட்சை நெருங்குகிறதே என்று நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

என்னைக் கவிழ்த்த கணக்கு பிறகு வந்தது. ஒரு வேலையை ஏ பத்து நாளிலும் பி பதினைந்து நாளிலும் முடிப்பார்கள். இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை செய்கிறார்கள். ஏ முதலில் தொடங்கினால் வேலை எத்தனை நாளில் முடியும்? கீழே நாலு விடைகள். அன்றைக்குப் பென்சில் என் கையில். யோசிக்கக் கூடாதவன் யோசித்தேன். இருவரும் சேர்ந்தால் ஒரு நாளில் ஆறில் ஒரு பங்கு. ஆறு நாள் வேலை, நடுவில் ஐந்து நாள் லீவு. "பதினொண்ணு" என்றேன். பார்த்தால் முதல் விடையே பதினொன்று. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"இறங்குங்க" என்றார் சார்.

"விடை அங்கனயே இருக்கு சார்."

"இருக்கும். உங்களை மாதிரி ஆளுக்காகத்தான் போட்டு வச்சிருக்காக. ரெண்டு பேரும் ஒரே நாள்ல லீவு போடுறாகளா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள்னுதான சார் இருக்கு?"

ராஜாங்கம் அண்ணன் தாளை வாங்கி மெதுவாக வாசித்தார். "தம்பி, இது எங்க ஊரு முறைத் தண்ணி. இன்னைக்கு வாய்க்கால் எனக்கு, நாளைக்குப் பங்காளிக்கு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல போய் மடையில நின்னா வெட்டுக்குத்துதான் நடக்கும்."

"அது தண்ணி அண்ணே. இது வேலை."

நாங்கள் இருவரும் மாறி மாறிப் பேசினோம். செல்வி அக்கா என் பக்கம் கொஞ்சம், அண்ணன் பக்கம் கொஞ்சம் என்று சாய்ந்துகொண்டிருந்தார். அப்போது ஒரு புதுக் குரல் கேட்டது. யாரென்று பார்த்தால் ஜெபா.

"ரெண்டு பேரும் சேந்துதான் வாராகன்னா, ஏ முதல்ல தொடங்குறாருன்னு எதுக்குப் போட்டிருக்கு?"

நான் அந்த வரியை வாசிக்கவே இல்லை. வாசித்திருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்கும். ஒருநாள் ஏ, மறுநாள் பி, இரண்டு நாளுக்கு ஆறில் ஒரு பங்கு. பன்னிரண்டு நாள். மூன்றாவது விடை. சார் ஹாரனை விடாமல் அழுத்தினார். கீழே உரம் வாங்க வந்தவர்கள் ரோட்டில் ஒதுங்கினார்கள். ஜெபா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். நான் எழுந்து யாரும் சொல்லாமலே ஜன்னலுக்குப் போனேன். எனக்குக் கணக்கு வராது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தது பொய். எனக்கு வாசிக்கத்தான் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் வாயை மூடக் கற்றுக்கொண்டேன். மூன்று பேர் கதை சொல்வதைக் கேட்டேன். கேட்டால், என்ன ஆச்சரியம், எனக்கே கணக்கு புரிந்தது.

பரீட்சை நாள் வந்தது. ஆளுக்கு ஒரு பெஞ்சு. முட்டி இடிக்கவில்லை என்பதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வினாத்தாளில் தமிழ் முன்னால், கணக்கு கடைசியில். இந்தத் தடவை கணக்கில் யாரென்று காட்டுகிறேன் என்று நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். தமிழ் தாய்மொழிதானே, எங்கே போய்விடப் போகிறது. ஒவ்வொரு கணக்காக வாசித்தேன். செல்வி அக்கா என்ன சொல்லியிருப்பார், அண்ணன் எங்கே இடக்குப் பண்ணியிருப்பார் என்று எனக்குள்ளேயே நாலு குரலில் பேசினேன். எனக்குள்ளே என்று நான்தான் நினைத்திருக்கிறேன். கண்காணிப்புக்கு நின்ற அம்மா பக்கத்தில் வந்தார்.

"யார்கிட்ட பேசுறீங்க?"

"எங்க ஜீப்புல உள்ளவங்ககிட்ட மேடம்."

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. அன்றைக்கு நான் கணக்குப் பகுதியில் ஒன்றைக்கூட விடவில்லை. அத்தனையும் சரி. அந்த ஆனந்தத்திலேயே நேரம் போய், தமிழுக்கு வந்தபோது மணி அடிக்கப் போகிற நிலைமை. விடைத்தாளில் வட்டங்களை மளமளவென்று கறுப்பாக்கினேன். 'பொருந்தாததைத் தேர்ந்தெடு' என்று இருந்த இடத்திலெல்லாம், மனசாட்சி உள்ளவனாக, பொருந்துவதைத் தேர்ந்தெடுத்து வைத்தேன்.

முடிவு வந்தது. செல்வி அக்கா தேறினார். ஜெபா தேறினாள். ராஜாங்கம் அண்ணன் தேறி இப்போது வி.ஏ.ஓ. பட்டா மாறுதலுக்கு வருகிறவர்களிடம், "இதுல கஷ்டம் யாருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறாராம். நான் மட்டும் தோற்றேன், அதுவும் தமிழில். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்குத் தமிழ் எழுதிக்கொண்டிருப்பவன் தமிழில் தோற்றவன் என்பது பத்திரிகை ஆசிரியருக்கு இதுவரை தெரியாது. இந்த இதழ் அச்சாகும்போது தெரிந்துகொள்வார்.

மறுநாளே கடைக்குப் போனேன். ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது. மாமா என் தோளில் கைவைத்து, வந்த முதல் ஆளிடம், "இவுகதான் பரீட்சை எழுதுற மாப்ள. கணக்குல முழு மார்க்கு" என்றார். அடுத்த ஆளிடமும் அதையே சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அங்கிருந்த பெரிய அண்டா ஒன்றுக்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த வாரமே ஒரு மத்தியானம் ஜீப்பு சார் வந்தார். உரக்கடைக்காரர் மாடியைக் குடோனுக்கு எடுத்துக்கொண்டார் என்று ராஜாங்கம் அண்ணன் சொல்லியிருந்தார். சார் அதைப் பற்றிப் பேசவில்லை. கையில் ஹாரன் இல்லை, ஒரு தமிழ் இலக்கணப் புத்தகம் இருந்தது. சுற்றிப் பார்த்தார், ஓர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"தமிழ்ல எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க. எனக்கு மனசிலானா உங்களுக்குத் தெரியும்னு அர்த்தம்."

"சார், நானே தோத்தவன்."

"அதான் உங்ககிட்ட வந்தேன். தேறினவுக வெரசா சொல்லிட்டுப் போயிருவாக."

தினமும் வந்தார். மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது. நான் வேற்றுமை உருபைச் சொல்வேன். அவர் புரியவில்லை என்பார். உண்மையிலேயே புரியாது, நடிப்பில்லை. ஆகுபெயரைச் சொல்லி முடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. மாமா முதலில் தூரத்தில் நின்று கேட்டார். பிறகு தராசை விட்டுவிட்டு வந்தார். கடையில் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கும் பாண்டியம்மாளும் மெஷினை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எழுத்துப் பிழை கண்டுபிடிப்பதில் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது, ஒரு சந்திப் பிழைக்கு ஒரு குடம் பாழாகும் தொழில் அது. நாலு பேரும் வினாவைக் கடைசி எழுத்துவரை வாசிப்போம். நான் முந்திக்கொண்டு வாயைத் திறந்தால் மூன்று பேரும் என்னைப் பார்ப்பார்கள். சாருக்குக் குடும்பம் என்று யாருமில்லை என்பதும் அந்த மத்தியானங்களில் தெரிந்ததுதான். மாமா கேட்டதற்கு, "அமையல" என்று சொல்லிவிட்டு அடுத்த வினாவை வாசித்தார்.

அடுத்த தடவை நான் தேறினேன். கடைவீதி முழுக்க மாமா லட்டு கொடுத்தார். "மாப்ள தப்பிச்சிட்டாரு சார்" என்று சாருக்கு இரண்டு லட்டு வைத்தார். சார் அண்டாவில் உட்கார்ந்தபடி, "சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்" என்றார். லட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப நாளைக்கு மத்தியானம் நான் எங்கன வாறது?"

எதற்கும் முதலில் பதில் சொல்லும் எனக்கு அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. எந்த நேரமும் பேசும் மாமா லட்டுப் பெட்டியை மூடித் திறந்து மறுபடி மூடினார். சார் லட்டைப் பொட்டலமாக மடித்துக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

எனக்கு வேலை உத்தமபாளையத்தில் ஓர் அலுவலகத்தில் கிடைத்தது. மேசை, நாற்காலி, தலைக்கு மேலே ஃபேன். சேர்ந்து சில நாள் இருக்கும், மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது மாமா போன் பண்ணினார். பின்னால் ஒரே கூச்சல்.

"மாப்ள, நாந்தேன் சாரை வரச்சொன்னேன். வந்து உக்காந்துட்டாக. என்ன கேக்குறதுன்னு தெரியல. இந்தப் பெரிய அண்டாவைச் சின்னக் குடத்தால நெப்புறதுக்கு எத்தனை நடை நடக்கணும், அண்டாவுல ஓட்டை இருந்தா எத்தனை நடைன்னு கேட்டுவச்சேன். இப்ப பாண்டியம்மா ஒண்ணு சொல்லுது, குக்கர் வாங்க வந்த அம்மா ஒண்ணு சொல்லுறாக. ஓட்டை எந்த உசரத்துல இருக்குன்னு சண்டை."

"சார் என்ன சொல்றாரு மாமா?"

"ஓட்டை அண்டாவை வித்தது யாருன்னு கேக்குறாரு. கஷ்டம் அவனுக்குத்தானாம். வைக்கவா மாப்ள?"

"வேணாம் மாமா. போனை அப்படியே கீழ வச்சிருங்க. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

கேட்டுக்கொண்டே இருந்தேன். பாண்டியம்மாள் ஏதோ சொல்ல, சார் சிரித்தார். டிபன் பாக்ஸில் சோறு ஆறிப்போயிற்று. எந்தக் கடைக்குப் போய் உட்காரக் கூடாது என்று அத்தனை பரீட்சை எழுதினேனோ, அந்தக் கடைக்கு அப்போதே பஸ் ஏறிப் போய் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எனக்கு இருந்தது.